கன்னியர் பள்ளிக்கூடம் வந்த வழி



சோழவந்தான் வட்டாரத்தில் கொடிக்கால் வேலைக்கும் வயல் வேலைக்கும் போகும் பெற்றோரிடம், "மகளை ஏன் எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டீர்கள்?" என்று கேட்டால், பணம் இல்லை என்ற பதில் முதலில் வருவதில்லை. "பெரிய பிள்ளை ஆயிட்டா. யாரை நம்பி அவ்வளவு தூரம் அனுப்புறது?" என்பார்கள். இந்தக் கேள்வி இன்று நேற்று எழுந்ததல்ல. நம் தமிழ்நாட்டிலுள்ள கத்தோலிக்கப் பெண்கள் பள்ளிகளின் வரலாறே பெரும்பாலும் இதற்குப் பதில் தேடிய வரலாறுதான். நாங்கள் வேறு சபையைச் சேர்ந்தவர்களாயினும், அந்த வரலாற்றை நம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நல்ல குடும்பத்துப் பெண் எழுத்துப் படிப்பது கெளரவக் குறைவாக எண்ணப்பட்டது. எழுதவும் படிக்கவும் ஆடவும் பாடவும் கற்பிக்கப்பட்டவர்கள் கோவில் தாசிகளே. 1792 முதல் 1823 வரை தென்னிந்தியாவில் பணிபுரிந்த துபுவா என்னும் பிரெஞ்சுக் குருவானவர் இதைத் தம் நூலில் விவரமாக எழுதி வைத்திருக்கிறார். ஆகவே மகளைப் படிக்க வைப்பது என்றால், அவள் பெயரைக் கெடுப்பது என்றே ஒரு தகப்பன் பயந்தார். அந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட எங்களுக்கு மனம் வரவில்லை. ஊரார் என்ன சொல்வார்களோ என்று நடுங்கும் தகப்பன்மாரை இன்றும் காண்கிறோம் அல்லவா?

புதுச்சேரியில் 1827ஆம் ஆண்டிலேயே குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் வந்து பள்ளி நடத்தினார்கள். ஆனால் அங்கே முக்கியமாகப் படித்தவர்கள் ஐரோப்பிய, கலப்பினக் குடும்பத்துப் பிள்ளைகள். பாடம் பிரெஞ்சு மொழியில். தமிழ் வீடுகளின் கதவு அதனால் திறக்கவில்லை. 1844ஆம் ஆண்டு ஆயர் பொன்னான் புதுச்சேரியில் கூட்டிய குருக்களின் மாமன்றம், பள்ளிக் கல்வியைப் பரப்ப வேண்டும் என்றும், பெண் பிள்ளைகளையும் அதில் சேர்க்க வேண்டும் என்றும் தீர்மானித்தது. தீர்மானம் எழுதுவது எளிது. கற்பிக்கப் பெண்கள் வேண்டுமே! ஆண் ஆசிரியரிடம் பெண்ணை யாரும் அனுப்பமாட்டார்கள். அந்நிய நாட்டுக் கன்னியருக்கோ தமிழ் வராது.

இதற்கு வழி கண்டவர் துய்ப்புய் என்ற குருவானவர். மிஷன் அச்சகத்தைக் கவனித்து வந்தவர், நல்ல தமிழறிஞர். முசே குருவோடு சேர்ந்து அவர் தொகுத்த தமிழ் – பிரெஞ்சு அகராதி 1855இலும் 1862இலும் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. தலைப்புப் பக்கத்தில் இருவருடைய பெயரும் இல்லை. இரண்டு மிஷனரிகள் என்று மட்டும் இருக்கும். இவர் 1844 அக்டோபர் 16ஆம் தேதி, தமிழ்ப் பெண்களைக் கொண்டே ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். பெண் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுப்பதே அந்தச் சபையின் வேலை. மரியன்னையின் மாசற்ற இருதய சபை என்று அது இன்றும் பணி செய்து வருகிறது. சாவித்திரிபாய் பூலே அம்மையார் புனேயில் பெண்கள் பள்ளி தொடங்கியது 1848இல். பிரிட்டிஷ் அரசு பெண் கல்விக்கு உதவுவதாக வாக்களித்த உட்ஸ் அறிக்கை வந்தது 1854இல். இவற்றுக்கு முன்பே, தமிழ்ப் பெண் தமிழ்ப் பெண்ணுக்குத் தமிழிலே பாடம் சொல்லித்தரும் ஏற்பாடு புதுச்சேரியில் உருவாகிவிட்டது. ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: கோவிலுக்குள்ளேயே சாதிக்கொரு இடம் வகுத்திருந்த காலம் அது. எல்லாக் குடியினரின் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

கன்னியர் பள்ளி என்றதும் நம் நினைவுக்கு வரும் வழக்கங்களை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் அவற்றின் காரணம் விளங்கும். உயர்ந்த மதில், ஒரே வாசல், வாசலில் ஒரு காவலாள், பார்க்க வருகிறவர் யாரென்று கேட்டு எழுதிக்கொள்ளும் நோட்டு – இவையெல்லாம் பெற்றோருக்குக் கொடுத்த உத்தரவாதம். விடுதியில் பிள்ளைகளோடு ஒரு சிஸ்டரும் தங்குவார். மாலைப் படிப்பு மணியடித்துத் தொடங்கி மணியடித்து முடியும். தையல் வகுப்பும் அப்படியே. தையல் கற்கிற பெண்ணைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை. கூடவே கையில் நாலு காசும் வந்தது. குமரி மாவட்டம் முளகுமூட்டுக்கு 1897இல் பெல்ஜியத்திலிருந்து வந்த மரிய லூயிஸ் தெ மீஸ்டர் அம்மையார், அநாதைப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளியோடு லேஸ் பின்னலையும் கற்பித்தது இதனால்தான். இரட்டைச் சடையும் ரிப்பனும் சீருடையும் வேறொரு வேலையைச் செய்தன. மிராசுதார் மகளும் கூலிக்காரர் மகளும் காலை வணக்கத்தில் வரிசையில் நின்றால் இன்னார் யாரென்று தெரியாது. நீதிபோதனை வகுப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோரின் சம்மதமின்றி எந்தப் பிள்ளையையும் மத போதனைக்கு உட்படுத்தக் கூடாது என்று நம் அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறது. எனவே கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகும் அதே பாட வேளையில் மற்றவர்கள் நீதிபோதனைக்குப் போகும் வழக்கம் ஏற்பட்டது. கட்டுப்பாடு சில இடங்களில் எல்லை மீறியதும் உண்டு. விடுதிப் பிள்ளைக்கு வரும் கடிதத்தைப் பிரித்துப் படித்த பிறகே கொடுக்கும் வழக்கத்தை நாங்கள் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை.

மதுரைப் பக்கத்தில் முந்திக்கொண்டவர்கள் அமெரிக்கன் மிஷனார். யாழ்ப்பாணம் உடுவிலில் 1824இல் பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கிய அதே மிஷன், 1834இல் மதுரைக்கு ஊழியரை அனுப்பியது. உடுவிலில் தொடக்க நாட்களில் படிப்பை முடித்து மணம் செய்யும் பெண்ணுக்கு மிஷனே சீதனம் கொடுத்ததாம்! பெற்றோரின் மனதை நன்றாக அறிந்தவர்கள். மதுரையில் கேப்ரன் ஹால் பள்ளி அவர்கள் வழியில் வளர்ந்தது. லியோன் நகர் புனித சூசையப்பர் சபைக் கன்னியர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரைக்கு வந்தார்கள். 1650இல் பிரான்சில் லெ புய் நகரில் தோன்றிய சபை அது. பிரெஞ்சுப் புரட்சியில் சிதறிப்போனது; சிறையில் மரணத்துக்குக் காத்திருந்து, 1794இல் ஆட்சி கவிழ்ந்ததால் உயிர் தப்பிய போன்போன் அம்மையார் 1807இல் அதை மீண்டும் கட்டினார். அந்தக் கன்னியரின் பள்ளிப் பணி மதுரையில் கல்லூரி வரை உயர்ந்தது. 1948இல் கேட்டி வில்காக்ஸ் அம்மையார் லேடி டோக் கல்லூரியைத் தொடங்க, 1953இல் பாத்திமா கல்லூரி எழுந்தது. அதற்கு முன் மதுரைப் பெண் பட்டம் படிக்கப் பெண்கள் கல்லூரி வேண்டுமானால் வெளியூர்தான் போக வேண்டும்.

இன்று இத்தகைய பள்ளிகள் பல அரசு உதவி பெறுபவை. அனுமதிக்கப்பட்ட இடங்களில் பணிபுரியும் ஆசிரியைகளுக்கு அரசு சம்பளம் தருகிறது. மதிய உணவும் பாடநூலும் உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கிறது. 2024 டிசம்பர் முதல் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் அது கிடைக்கிறது. இது மிக நல்ல காரியம். ஆனால் ஆசிரியைச் சம்பளத்துக்கு வரும் அரசுப் பணம் கன்னியர் நடத்தும் விடுதியின் வாசலுக்குள் வருவதில்லை. அரிசி, விறகு அல்லது கேஸ், காய்ச்சல் கண்ட பிள்ளைக்குக் கஞ்சி, இரவு மின்விளக்கு எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு. சோழவந்தானிலிருந்து மதுரைக்கு 20 கிலோமீட்டருக்கு மேல். பேருந்து நிற்குமிடத்திலிருந்து உள்ளே இருக்கும் கிராமங்களுக்கு இன்னும் நடை. ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து இருட்டிய பிறகு தனியே திரும்ப வேண்டிய பெண்ணுக்கு விடுதியில் ஒரு பாய் கிடைத்தால் படிப்பு தொடர்கிறது. கிடைக்காவிட்டால் அடுத்த மாதமே அவள் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருப்பாள். கட்டிடத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் கொடுக்க விரும்புகிற அன்பர்கள், விடுதிச் சாப்பாட்டுச் செலவு என்ற தலைப்பையும் ஒருமுறை விசாரித்துப் பார்க்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். சேர்க்கை ஜூன் மாதத் தொடக்கத்தில் முடிந்துவிடும்.