மிலிட்டரிக்காரர் வீட்டுக்கு ஒரு சங்கம்

தூத்துக்குடி கடலோர ஊர்களில் 'மிலிட்டரிக்காரர் வீடு எது?' என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் வழி காட்டும். ஆனால் அவர் காலமான பிறகு, குடும்ப ஓய்வூதியத்துக்கு யாரைப் பார்ப்பது என்று அந்த வீட்டு அம்மாவுக்குத் தெரிவதில்லை. முன்னாள் படைவீரர் சங்கத்துக்கு வேலை தொடங்குவது அங்கேதான்.

சங்கம் என்பது அரசு அலுவலகம் இல்லீங்க. ஓய்வு பெற்றவர்களே கூடி, தலைவர், செயலாளர், பொருளாளரைத் தேர்ந்தெடுத்து நடத்துவது. அரசுத் தரப்பில் இருப்பது மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். உதவி இயக்குநர் பொறுப்பில் இயங்குகிறது. ஆட்சியர் நடத்தும் சிறப்புக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7 அன்று திரட்டும் கொடிநாள் நிதி இக்குடும்பங்களின் நலனுக்கும் செலவாகிறது.

அடிக்கடி வரும் சிக்கல் பெயர்தான். படை ஆவணத்தில் மனைவி பெயர் 'மேரி', ஆதாரில் 'மரியம்மாள்' என்றிருந்தால் ஓய்வூதியம் இழுத்தடிக்கும். கணவர் இருக்கும்போதே திருத்துவது சுலபம். பிறகு என்றால் அலைச்சல். படைவிலகல் சான்று, ஓய்வூதிய ஆணை, ஆதார் மூன்றையும் இன்றைக்கே எடுத்து ஒப்பிட்டுப் பாருங்க. வேறுபாடு இருந்தால் சங்கச் செயலாளரையும் கூட்டிக்கொண்டு நல அலுவலகம் போங்க. கைம்பெண்களுக்கான அடையாள அட்டையும் அங்கேயே கிடைக்கும்.