நடுவே ஒரு சவ்வு: காஸ்டிக் சோடா கலத்தின் கட்டமைப்பு

உப்புநீரில் நேர்மின்சாரம் செலுத்தினால் மூன்று பொருள்கள் கிடைக்கும். நேர்மின்வாயில் குளோரின் குமிழியிடும். எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் எழும்பும். அதையொட்டிய கரைசலில் காஸ்டிக் சோடா சேரும். சோப்பு, காகிதம், பி.வி.சி. குழாய், குடிநீர்ச் சுத்திகரிப்பு என இவற்றின் பயன்கள் பல. ஆனால் விளைந்த இடத்திலேயே இவை கலந்துவிட்டால் ஆபத்து. குளோரின் சோடாவோடு சேர்ந்தால் ஹைப்போகுளோரைட்டாகிவிடும். ஹைட்ரஜனோடு கலந்தால் வெளிச்சம் பட்டாலே வெடிக்கக்கூடும். எனவே மின்னோட்டத்தைத் தடுக்காமல் விளைபொருள்களை மட்டும் பிரித்துவைப்பதே கல வடிவமைப்பின் முதல் வேலை.

1892-இல் ஹாமில்டன் காஸ்ட்னரும் கார்ல் கெல்னரும் தனித்தனியே உருவாக்கிய கலத்தில் பாதரசமே எதிர்மின்வாய். சோடியத்தைத் தன்னுள் கரைத்துக்கொண்டு அது வேறோர் அறைக்குப் பாயும். அங்கே நீர் பட்டதும் சோடா உண்டாகும். சோடா தூய்மையாக இருந்தது. பாதரசக் கசிவுதான் தீராத தொல்லை. கல்நார்த் தடுப்பு வைத்த கலத்தில் பாதரசம் தேவையில்லை. ஆனால் தடுப்பின் வழியே உப்பும் ஊறி வந்து சோடாவில் கலந்தது.

இரண்டு குறைகளையும் தீர்த்தது அயனிச் சவ்வு. ஜப்பானின் நொபெயோகாவில் 1975-இல் இதைக் கொண்டு தொழிற்சாலை அளவில் உற்பத்தி தொடங்கியது. ஃபுளோரின் சேர்ந்த பாலிமரால் ஆன இந்த மெல்லிய ஏட்டில் எதிர்மின்னூட்டங்கள் நிலையாகப் பதிந்திருக்கும். நேர்மின்னூட்டம் கொண்ட சோடியம் அயனிகளை அவை கடந்துபோக விடும். ஹைட்ராக்சைடு அயனிகளைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். இதனால் ஏறத்தாழ 32 சதவீதச் சோடா நேரடியாகக் கிடைக்கிறது.

அடுத்தது உலோகத் தேர்வு. முன்பு பயன்பட்ட கிராஃபைட் நேர்மின்வாய் நாளடைவில் தேயும். தேயத் தேய மின்வாய்களின் இடைவெளி கூடும். 1960-களில் ஹென்றி பீர், டைட்டானியத்தின்மேல் ருத்தேனியம் ஆக்சைடு பூசிய மின்வாயை அறிமுகப்படுத்தினார். ஈரக் குளோரினுக்கு டைட்டானியம் ஈடுகொடுக்கும். ஈரமற்ற குளோரினிலோ தீப்பற்றி எரியும். ஹைட்ரஜன் பக்கத்தில் வைத்தால் அதை உறிஞ்சி நொறுங்கும் தன்மை பெறும். அதனால் அந்தப் பக்கத்துக்கு நிக்கல்தான்.

1,000 ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால், இழப்பே இல்லாவிடில் 1.49 கிலோ சோடா கிடைக்கும். ஃபாரடே விதி வகுத்த இந்த அளவைக் கூட்ட முடியாது; மின்னழுத்தத்தைத்தான் குறைக்கலாம். அடிப்படைத் தேவை சுமார் 2.2 வோல்ட், நடைமுறையில் ஏறத்தாழ 3 வோல்ட் செலவாகிறது. அதில் 0.1 வோல்ட் மிச்சமானாலே டன்னுக்குச் சுமார் 70 யூனிட் மின்சாரம் மிச்சம். இதற்காகவே நிக்கல் மின்வாயிலும் வினையூக்கி பூசப்படுகிறது. மின்வாய்கள் சவ்வின் இருபுறமும் ஒட்டியபடி பொருத்தப்படுகின்றன. அவை தகடாக இல்லாமல் வலைபோல இருப்பதற்கும் காரணம் உண்டு: குமிழிகள் நடுவில் சிக்கினால் மின்தடை ஏறும், வலைக்கண் வழியே அவை பின்புறம் வெளியேறிவிடும். ஹைட்ரஜன் பக்கத்தில் அழுத்தத்தைச் சற்றுக் கூட்டிவைத்தால் சவ்வு படபடக்காமல் நேர்மின்வாயின்மேல் படிந்திருக்கும்.

சவ்வின் ஆயுள் உப்புநீரின் தூய்மையைப் பொறுத்தது. கடலுப்பில் கால்சியமும் மக்னீசியமும் இயல்பாகவே இருக்கும். அவை சவ்வுக்குள் காரத்தைச் சந்தித்தால் திண்மமாகப் படிந்து வழியை அடைக்கும். ஆகவே முதலில் வீழ்படிவாக்கி வடிகட்டி, பிறகு அயனி மாற்றுப் பிசின் வழியே செலுத்தி, 100 கோடியில் 20 பங்குக்கும் கீழே அவற்றைக் குறைக்கிறார்கள்.

இத்தகைய கலங்கள் பலவற்றை அடுக்கித் தொடரிணைப்பில் இணைத்தால் ஒரு மின்னாற்பகுப்பு அலகு உருவாகும். மின்சாரம் திடீரென நின்றால், தேங்கிய குளோரினால் மின்னோட்டம் எதிர்த்திசையில் பாய்ந்து நிக்கல் மின்வாயின் பூச்சை அரிக்கும். அதைத் தடுக்கும் ஏற்பாடும் கட்டமைப்பில் சேர்க்கப்பட வேண்டியதே.