கொக்கியும் ஒட்டுச் சீட்டும்

நிறுத்திவிட்டு இறங்கிய வண்டி, நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசை என்று யாரும் சொல்லமாட்டார்கள். மாட்டு வண்டியானால் மாட்டை அவிழ்த்துவிட்டால் தீர்ந்தது. மோட்டார் வண்டிக்கு அவ்வளவு சுலபமான வழி கிடையாது. என்ஜின் ஓடிக் கொண்டிருக்கும் வரையில் மாடு நுகத்தடியில் பூட்டியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அமெரிக்கா தேசத்தில், சென்ற நூற்றாண்டின் எழுபதுகளில், அப்படிப் பூட்டியிருந்த மாடு எஜமானன் இறங்கிய பிறகு தன்னிஷ்டப்படி பின்னோக்கி நடந்த கதை ஒன்று உண்டு. அதனால் 98 பேர் உயிர் இழந்ததாகச் சர்க்காருக்கு வந்த புகார்களில் பதிவாயிற்று. அந்தக் கதையையும், அதற்குச் சர்க்கார் கண்டுபிடித்த விசித்திரமான பரிகாரத்தையும் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

நம் நாட்டில் நெடுங்காலமாகக் காலால் கிளச்சை மிதித்துக் கையால் கியர் மாற்றும் வண்டிகளே பழக்கம். அமெரிக்கர்களோ இந்தத் தொல்லையை வெகு காலத்துக்கு முன்பே யந்திரத்தின் தலையில் கட்டிவிட்டார்கள். அவர்களுடைய வண்டிகளில் பெரும்பாலானவை தாமே கியர் மாற்றிக் கொள்ளும். ஓட்டுகிறவர் செய்ய வேண்டியதெல்லாம் ஒரு கம்பியை நகர்த்தி, 'பி', 'ஆர்', 'என்', 'டி' என்னும் எழுத்துக்களில் வேண்டியதற்கு நேராக வைப்பதுதான். 'டி' முன்னால் போவதற்கு. 'என்' எந்தக் கியரும் பிடிக்காத நிலை. 'ஆர்' பின்னால் போவதற்கு. 'பி' என்பது 'பார்க்', அதாவது நிறுத்தி வைப்பதற்கு. 'பி'க்கும் 'ஆரு'க்கும் நடுவில் வேறு எழுத்து இல்லை என்பதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். நிற்பதற்கு அடுத்த வீடே பின்னால் போவது!

கம்பியைப் 'பி'யில் வைத்தால் கியர்ப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது? சக்கரங்களோடு சேர்ந்து சுற்றும் தண்டில் பல் சக்கரம் ஒன்று இருக்கிறது. ஓர் உருக்குக் கொக்கி அதன் பற்களுக்கு நடுவே விழுந்து, தண்டு அசையாதபடி பிடித்துக் கொள்கிறது. வண்டி நிற்பது இந்தக் கொக்கியின் தயவினால்தான். கம்பி 'பி'க்குப் போய்ச் சேராமல், 'பி'க்கும் 'ஆரு'க்கும் இடையே ஒரு மேட்டில் தங்கிவிட்டால் கொக்கி விழுவதில்லை. ரிவர்ஸ் கியரும் பிடிப்பதில்லை. வண்டி சும்மா நிற்கிறது. ஓட்டுகிறவருக்கு இதற்கும் உண்மையான 'பி'க்கும் வித்தியாசம் தெரிய நியாயம் இல்லை. அவர் இறங்குகிறார், கதவைச் சாத்துகிறார். அந்த அதிர்ச்சியிலோ, ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினின் நடுக்கத்திலோ கம்பி மேட்டிலிருந்து 'ஆர்' பக்கம் சரிகிறது. எண்ணெய் அழுத்தம் ஏறி ரிவர்ஸ் கியர் பிடிக்கிறது. ஒன்றரை டன், இரண்டு டன் எடையுள்ள வண்டி, உள்ளே யாரும் இல்லாமலே பின்னால் கிளம்புகிறது.

அப்பொழுது வண்டிக்குப் பின்னால் யார் இருப்பார்கள்? மூட்டை எடுப்பதற்காகப் பின்பெட்டியைத் திறக்கப் போனவர் இருப்பார். கேட்டைச் சாத்தப் போன அவரே இருப்பார். வாசலில் விளையாடும் குழந்தை இருக்கும். சட்டென்று விலகி ஓட முடிந்தவர்கள் தப்பினார்கள். இறந்தவர்களில் சிறு குழந்தைகளும் வயோதிகர்களும் அதிகம் என்று பிற்பாடு கணக்கிட்டவர்கள் சொன்னதில் ஆச்சரியம் இல்லை.

இந்த வண்டிகளைச் செய்தது போர்டு கம்பெனி. எந்தக் கம்பெனி வண்டியிலும் இப்படி நேரக்கூடாதா என்றால், நேரலாம்; நேர்ந்தும் இருக்கிறது. ஆனால் போர்டு வண்டிகளைப் பற்றி வந்து குவிந்த புகார்கள் விகிதத்துக்கு மீறியவையாக இருந்தன.

புகாரை எங்கே செய்வது என்ற கேள்விக்கு அமெரிக்காவில் 1966-ம் வருஷத்துக்கு முன்னால் சரியான பதில் இல்லை. 1965-ல் ரால்ப் நேடர் என்ற இளம் வக்கீல், மோட்டார் கம்பெனிகள் பத்திரமில்லாத வண்டிகளைச் செய்து விற்பதைக் கண்டித்து ஒரு புத்தகம் எழுதினார். கியர் எழுத்துக்களைக் கம்பெனிக்கு ஒரு வரிசையாக வைத்து ஓட்டுகிறவர்களைத் திண்டாட வைத்ததும் அவருடைய குற்றச்சாட்டுகளில் ஒன்று. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி அவருக்குப் பின்னால் துப்பறிகிறவர்களை ஏவி விட்டு, அது வெளியாகி, கம்பெனித் தலைவரே செனட் கமிட்டியின் முன் மன்னிப்புக் கேட்கும்படி ஆயிற்று. புத்தகத்துக்கு இதைவிட நல்ல விளம்பரத்தை நேடரே செய்திருக்க முடியாது. 1966 செப்டம்பரில் ஜனாதிபதி ஜான்ஸன் மோட்டார் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். வண்டியில் பாதுகாப்பைக் கெடுக்கும் குறை இருந்தால் கம்பெனி அதைச் சொந்தக்காரர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லிற்று. அறிவித்தால் போதுமா, ரிப்பேருக்குப் பணம் யார் கொடுப்பது என்ற கேள்வி கிளம்பி, 1974-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அது முதல் கம்பெனி தன் செலவிலேயே குறையைத் தீர்த்துக் கொடுக்க வேண்டும் என்றாயிற்று. இதைத்தான் 'ரீகால்', அதாவது விற்ற வண்டியைத் திரும்ப அழைத்தல் என்கிறார்கள். (நம் நாட்டில் 2012-ல் கம்பெனிகள் தாமாகவே ஏற்றுக் கொண்ட ஒரு விதிமுறை வந்தது. திரும்ப அழைக்கும்படி உத்தரவிடும் அதிகாரம் 2019-ம் வருஷத்துத் திருத்தத்தினால்தான் நம்முடைய மோட்டார் வாகனச் சட்டத்தில் ஏறிற்று.)

இந்தச் சட்டத்தை நடத்தும் ஸ்தாபனத்தின் பெயர் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம். மூச்சுப் பிடித்துச் சொல்ல வேண்டிய பெயராதலால் 'நிர்வாகம்' என்றே குறிப்பிடுகிறோம். சாதாரண ஜனங்கள் எழுதும் கடிதங்கள்தான் நிர்வாகத்துக்கு மூலதனம். ஒரு கடிதம் வந்தால் அது ஒரு மனிதருடைய துரதிருஷ்டம்; ஒரே மாதிரியான நூறு கடிதம் வந்தால் கியர்ப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். போர்டு வண்டி விஷயத்தில் நூறு அல்ல, 23,000 புகார்கள் சேர்ந்தன. அவற்றில் 6,000 விபத்துக்களும், 1,710 பேர் காயம் அடைந்ததும், முன்னே சொன்ன 98 மரணங்களும் அடக்கம்.

கம்பெனியின் பதில் மிகவும் எளிமையானது. கியர்ப் பெட்டியில் குறை இல்லை, மனிதர்களிடம்தான் குறை. கம்பியைச் சரியாகப் 'பி'யில் தள்ளாதவர் யார்? ஓட்டுகிறவர். பார்க்கிங் பிரேக்கைப் போடாதவர், என்ஜினை நிறுத்தாமல் இறங்கியவர் யார்? எல்லாம் அவரே.

இந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. என்ஜினை ஓடவிட்டு வண்டியை விட்டு இறங்குவது நல்ல பழக்கம் அல்ல என்பதில் நமக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் இதே வாதத்துக்கு அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 1975-லேயே பதில் சொல்லியிருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1960 முதல் 1965 வரையில் செய்த முக்கால் டன் லாரிகளில் சக்கரங்கள் உடைந்து கொண்டிருந்தன. சொந்தக்காரர்கள் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினார்கள், நாங்கள் என்ன செய்வோம் என்றது கம்பெனி. லாரி வாங்குகிறவன் கொஞ்சம் அதிகமாகப் பாரம் ஏற்றுவான் என்பது லாரி செய்கிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என்று வாஷிங்டன் அப்பீல் கோர்ட்டார் கருதினார்கள். சாதாரணமாக எதிர்பார்க்கக்கூடிய தவறுகளையும் யந்திரம் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் அது யந்திரத்தின் குறை. நம் ஊர் லாரிகளைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பின் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை.

லாரிச் சக்கரத்துக்கு ஏற்ற நியாயம் கியர்க் கம்பிக்கும் ஏற்காதா? அவசரத்தில் இருக்கும் மனிதன் கம்பியை அரைகுறையாகத் தள்ளிவிட்டு இறங்குவான் என்பது, இந்தக் கம்பியைச் செய்தவர்களுக்குத் தெரியாத ரகசியமா? 1980 ஜூன் மாதத்தில் நிர்வாகம் தன் பூர்வாங்க முடிவை வெளியிட்டது. அப்பொழுது அதன் தலைவராக இருந்தவர், முன்னாளில் நேடருடன் வேலை செய்த ஜோன் கிளேபுரூக் என்ற பெண்மணி. போர்டு கியர்ப் பெட்டிகளில் பாதுகாப்பைக் கெடுக்கும் குறை இருக்கிறது என்பதே முடிவு. இனி வண்டிகளைத் திரும்ப அழைக்கும் உத்தரவு ஒன்றுதான் பாக்கி என்று ஜனங்கள் நினைத்தார்கள்.

ஆனால் அந்த வருஷத்தில் போர்டு கம்பெனிக்கு ஏற்பட்ட நஷ்டம் 150 கோடி டாலருக்கு மேல். ஜப்பான் வண்டிகள் வந்து குவிந்து கொண்டிருந்தன; பெட்ரோல் விலை ஏறியிருந்தது; அமெரிக்க மோட்டார் தொழிலே ஆட்டம் கண்டிருந்தது. இரண்டு கோடிக்கு மேற்பட்ட வண்டிகளை அழைத்து ஒவ்வொன்றிலும் கை வைப்பதென்றால் சரித்திரத்திலேயே அதுவரை நடக்காத காரியம். நவம்பரில் நடந்த தேர்தலில் ஜனாதிபதி கார்ட்டர் தோற்றிருந்தார். அவருடைய சர்க்கார் வீட்டைக் காலி செய்வதற்கு மூன்று வாரமே இருந்த சமயத்தில், டிசம்பர் மாதக் கடைசியில், போக்குவரத்து மந்திரி நீல் கோல்டுஷ்மிட் கம்பெனியுடன் ஒரு சமரசம் செய்து கொண்டார்.

சமரசம் இதுதான். கம்பெனி குறை எதையும் ஒப்புக் கொள்ள வேண்டாம்; வண்டி எதையும் திரும்ப அழைக்க வேண்டாம். 2 கோடி 30 லட்சம் சொந்தக்காரர்களுக்குத் தபாலில் ஓர் ஒட்டுச் சீட்டு அனுப்பினால் போதும். இறங்குவதற்கு முன் கம்பியைப் 'பி'யில் சரியாக வையுங்கள், பார்க்கிங் பிரேக்கை முழுவதும் போடுங்கள், என்ஜினை நிறுத்துங்கள் என்பது சீட்டில் கண்ட உபதேசம். சொந்தக்காரர் அதைத் தாமே வண்டிக்குள் கண்ணில் படும்படி ஒட்டிக் கொள்ள வேண்டும்.

இந்தச் சீட்டை நாம் கேலி செய்யவில்லை. அதைப் படித்துப் பழக்கத்தை மாற்றிக் கொண்டவர்கள் நிச்சயமாக இருந்திருப்பார்கள்; சில உயிர்களும் பிழைத்திருக்கும். ஆயினும் சீட்டைப் படிப்பவர் யார், சாகிறவர் யார் என்று சற்று யோசிக்க வேண்டும். படிப்பவர் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறார். ஆபத்தோ வண்டிக்குப் பின்னால் இருக்கிறது. வாசலில் விளையாடும் மூன்று வயதுக் குழந்தைக்கு எந்தத் தபாலும் வரவில்லை. வண்டி இரண்டாம் கை, மூன்றாம் கை மாறும்பொழுது சீட்டும் கூடவே போகும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. இன்னும் ஒன்று. குறை மனிதரிடமே என்று கம்பெனி வாதாடியது. குறை யந்திரத்தில் என்று நிர்வாகம் ஜூன் மாதத்தில் சொல்லிற்று. டிசம்பரில் சர்க்காரின் சம்மதத்துடன் வீடு தேடிச் சென்றது கம்பெனியின் வாதமே, பின்புறம் பசை தடவி.

நேடரும் நுகர்வோர் சங்கம் ஒன்றும் சேர்ந்து 1970-ல் ஏற்படுத்திய மோட்டார் பாதுகாப்பு மையம் கோர்ட்டுக்குப் போயிற்று. இந்த மாதிரி ஒத்துக் கொண்டு வழக்கை முடிக்க மந்திரிக்கு அதிகாரம் உண்டு என்று 1982-ல் தீர்ப்பாயிற்று. விபத்துக்களோ நிற்கவில்லை. மையத்தார் புதிய புகார்களைத் திரட்டி, விசாரணையை மறுபடி திறக்கும்படி விண்ணப்பித்தார்கள். 1985-ல் அதுவும் மறுக்கப்பட்டது. பழைய வண்டிகள் ஒவ்வொன்றாகத் துருப்பிடித்து இரும்புக் கடைக்குப் போகும் வரையில் கொக்கிகள் இருந்தபடியேதான் இருந்தன.

கொக்கி விஷயம் அத்துடன் மறந்து போயிருக்கலாம். ஆனால் 2016 ஏப்ரலில் பியட் கிரைஸ்லர் கம்பெனி 11 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அவற்றில் இருந்தது மின்சாரக் கியர்க் கம்பி. எந்தப் பக்கம் தள்ளினாலும் மறுபடி நடுவுக்கே வந்து நிற்கும். ஆகவே கையின் ஸ்பரிசத்தினால் எந்தக் கியரில் இருக்கிறோம் என்று அறிய வழியில்லை. பலர் 'பி' என்று எண்ணி இறங்கினார்கள், வண்டி உருண்டது. திருத்தம் எல்லோருக்கும் கிடைப்பதற்கு முன்பே, அந்த ஜூன் மாதம் 19-ந் தேதி, 'ஸ்டார் டிரெக்' படங்களில் நடித்த அன்டன் யெல்ச்சின் என்ற 27 வயது நடிகர், லாஸ் ஏஞ்சல்ஸில் தமது வீட்டுச் சரிவுப் பாதையில் உருண்டு வந்த தமது ஜீப்புக்கும் செங்கல் தூணுக்கும் இடையே நசுங்கி மாண்டார். பிறகு செய்த திருத்தம் பார்க்கத் தகுந்தது: ஓட்டுகிறவர் பெல்ட்டை அவிழ்த்துக் கதவைத் திறந்தால், நின்றிருக்கும் வண்டி தானாகவே 'பி'க்குப் போய்விடும். உபதேசம் இல்லை. மனிதன் மறப்பான் என்று யந்திரத்துக்கே சொல்லி வைத்துவிட்டார்கள்.

2022 ஜூனில் போர்டு கம்பெனியே 29 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. கியர்க் கம்பியிலிருந்து கியர்ப் பெட்டிக்குப் போகும் கேபிளின் முனையில் ஒரு சிறு புஷ் இருக்கிறது. வெப்பத்திலும் ஈரத்திலும் அது கெட்டு உதிர்ந்துவிட்டால், கம்பி 'பி'யில் இருந்தும் கியர்ப் பெட்டி வேறு கியரில் இருக்கலாம். அதனால் நால்வர் காயமுற்றதாகவும், ஆறு இடங்களில் சொத்துச் சேதம் ஏற்பட்டதாகவும் கம்பெனிக்குத் தெரிந்திருந்தது. புஷ்ஷை மாற்றி, மேலே ஒரு மூடியும் போட்டுத் தர ஏற்பாடாயிற்று, இலவசமாக. அதுவரையில் வண்டியை நிறுத்தும்பொழுதெல்லாம் பார்க்கிங் பிரேக்கைப் போட்டு வைக்கும்படியும் சொந்தக்காரர்களைக் கேட்டுக் கொண்டார்கள். அந்த யோசனை புஷ் வந்து சேரும் வரையில்தான்.