மேடை ஏறிய பறை

ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு. புறநானூற்றின் 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார் கண்ட உலகம் இது. கோபத்தை அவர் படைத்தவன் மேலேயே காட்டுகிறார். நிலையாமையைச் சொல்ல அந்தப் புலவருக்குப் பறை போதுமானதாக இருந்தது. தொல்காப்பியமும் பறையைக் கருப்பொருள்களில் ஒன்றாகவே வைக்கிறது. இந்த இரண்டு இடங்களிலும் பறையை இழிவாகப் பேசவில்லை.

பின்னால் வந்ததுதான் கொடுமை. சாவு தீட்டானது, அந்தத் தீட்டைப் பறை அடிக்கிறவர் தலையில் ஏற்றினார்கள். கேதம் சொல்லப் போவதும் அவர்தான், வாசலுக்கு வெளியே நின்று விடிய விடிய அடிப்பதும் அவர்தான். மறுத்தால் அடி, உதை, ஊர்விலக்கு. அதையும் மீறிப் பல ஊர்களில் தலித் மக்கள் பறையைக் கீழே வைத்தார்கள். வேறு சிலர் அதையே உரிமைக்குரலாகக் கையில் எடுத்தார்கள். மதுரை இறையியல் கல்லூரியில் இறையியலாளர் தியாபிலஸ் அப்பாவு அதை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் அதைத் தோளில் மாட்டி ஆடினார்கள். கீழே வைத்தவர், கையில் எடுத்தவர் இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இருவரும் கேட்டது மரியாதையைத்தான்.

இன்று கல்லூரி விழா, கல்யாணம், போராட்டம் என்று பறை இல்லாத இடமில்லை. நகரத்துப் பிள்ளைகள் காசு கட்டிக் கற்கிறார்கள். பறை செய்ய, மரச்சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை தடவி மாட்டுத்தோலை இழுத்து ஒட்டுவார்கள். அடிக்கும் முன் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்ச வேண்டும். சூடு ஏற ஏறத் தோல் விறைக்கும், மந்தமாக இருந்த ஒலி கணீரென்று எழும். இப்போது செயற்கைத் தோல் வந்துவிட்டது, நெருப்பு வேண்டியதில்லை. மாட்டுத்தோல் என்றதும் முகம் சுளித்த ஊர், செயற்கைத் தோலைக் கூச்சமில்லாமல் தொடுகிறது என்பதையும் கவனிக்கத்தான் வேண்டும். 2025இல் பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மனம் நிறைந்த செய்தி.

ஆனால் மேடைப் பறைக்குக் கிடைக்கும் கைதட்டல், சாவுவீட்டு வாசலில் அடிக்கிறவருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. உங்கள் ஊர்த் துக்க வீட்டுக்கு அடிக்க வருகிறவருக்கு நாற்காலி போடுங்கள். பேசிய கூலியை இழுத்தடிக்காமல் கையில் கொடுங்கள். தன் பிள்ளை இந்த வேலைக்கு வரமாட்டான் என்று அவர் சொன்னால், அதையும் மதியுங்கள்.