கண் தெரியாதவரும் வரிசை பிசகாமல் கருவி ஓட்டலாம்

காலமெல்லாம் உழைத்த விவசாயி ஒருவருக்குக் கண் பார்வை போய்விட்டால், அவரைத் திண்ணையில் உட்கார வைத்துவிடுவதே கிராமங்களில் வழக்கமாக இருக்கிறது. மண்ணின் பதத்தைக் காலால் அறிந்தவர் அவர். களை எது, பயிர் எது என்று விரலால் தடவிச் சொல்லக்கூடியவர். இருந்தும், "பயிரை மிதித்துவிடுவார், கருவியை வரிசை மாற்றி ஓட்டிவிடுவார்" என்ற பயத்தில் அவர் செய்த வேலைக்குக் கூலி ஆள் வைக்கப்படுகிறது. ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஓர் ஆள் குறைவது பெரிய நஷ்டம். வேலை தெரிந்த மனிதருக்கு வேலையற்று இருப்பது அதைவிடப் பெரிய நஷ்டம்.

இந்தப் பயம் பாதிதான் சரி. வழிகாட்டும் அடையாளம் இல்லாமல் நேராகப் போவது கடினமே. ஆனால் அந்த அடையாளம் கண்ணுக்குத்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. கால், கை, காது ஆகிய மூன்றும் அந்த வேலையைச் செய்யும்.

கோணல் ஏன் விழுகிறது?

நல்ல பார்வை உள்ளவரும் கண்ணைக் கட்டிக்கொண்டு திறந்த வெளியில் நடந்தால் நேராகப் போக முடிவதில்லை. ஜெர்மனியில் டூபிங்கன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிலையத்தார் இதைச் சோதித்து 2009-ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். நேராகப் போவதாக நினைத்துக்கொண்டே சிலர் சுமார் 20 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் சுற்றி வந்தார்கள். ஒவ்வோர் அடியிலும் ஏற்படும் சிறு பிசகைத் திருத்த அடையாளம் இல்லாததால், பிசகு மேல் பிசகு சேர்ந்துவிடுகிறது.

30 மீட்டர் நீளமுள்ள வயலில் தொடக்கத்தில் ஒரே ஒரு பாகை விலகினாலும், மறு வரப்பை அடையும்போது விலகல் அரை மீட்டருக்கு மேல் ஆகிவிடும். 25 செ.மீ. இடைவெளியில் நட்ட நெல்லில் இது இரண்டு வரிசைக்குச் சமம். ஆகவே, புறப்படும்போது திசை காட்டினால் மட்டும் போதாது. வழி நெடுகத் தொட்டு உணரும்படி ஓர் அடையாளம் இருக்க வேண்டும்.

கயிறும் கவைக்குச்சியும்

கையால் தள்ளும் சக்கரக் களைக்கொத்திக்குக் கயிறே சிறந்த வழிகாட்டி. வயலின் இரு கோடியிலும் முளை அடித்து, நைலான் கயிற்றை இடுப்பு உயரத்தில் விறைப்பாகக் கட்ட வேண்டும். கயிறு தொய்யாமல் இருக்க 10 மீட்டருக்கு ஒரு கவைக்குச்சி கொடுக்கலாம். போகும்போது கயிறு இடது முழங்கையில் லேசாக உரசிக்கொண்டே வர வேண்டும். திரும்பி வரும்போது வலது முழங்கையில் உரசும். கயிற்றின் மேல் சாயக்கூடாது. சாய்ந்தால் கயிறே வளைந்துவிடும். மறு கோடிக்கு 2 மீட்டர் முன்பாகக் கயிற்றில் ஒரு பெரிய முடிச்சுப் போட்டு வைத்தால், வரப்பு வருகிறது என்பதை முழங்கை அறிந்துகொள்ளும்.

அடுத்த வரிசைக்கு மாற்றும்போது குத்துமதிப்பாகக் கயிற்றை நகர்த்தக் கூடாது. 30 செ.மீ. இடைவெளியில் விதைத்த நிலக்கடலையானால், 30 செ.மீ. நீளத்தில் ஒரு குச்சியை வெட்டி வைத்துக்கொண்டு இரு கோடியிலும் அந்த அளவே முளையை மாற்ற வேண்டும். இதையும் கண் தெரியாதவரே தடவிப் பார்த்துச் செய்துகொள்ளலாம்.

விதைப்பிலேயே கயிறு பிடிப்பது இன்னும் நல்லது. 10 செ.மீ.க்கு ஒரு சிறு முடிச்சுப் போட்ட கயிற்றைத் தரையில் இழுத்துக் கட்டிவிட்டால், முடிச்சைத் தொட்டுத் தொட்டு விதை ஊன்றலாம். வரிசை நேராக அமைந்தால் பின்னால் வரும் களையெடுப்பு சுலபமாகும்.

முதல் சால் நேராக இருக்கட்டும்

உழவில் ஒவ்வொரு சாலும் அடுத்த சாலுக்கு வழிகாட்டி. இரும்புக் கலப்பையால் உழும்போது ஒரு மாடு முன் சாலிலேயே நடக்கும். உழுபவரின் கால் சாலின் ஓரத்தை உணர்ந்துகொண்டு போகும். பார் பிடித்த நிலத்தில் நடந்து ஓட்டும் சிறு களையெடுப்பு இயந்திரத்தின் சக்கரமும் சாலிலேயே இறங்கி ஓடும். விலகினால் ஒரு பக்கம் மேலேறும். கைப்பிடி சாய்வதைக் கை உடனே உணரும். கண் தெரிந்த ஒருவர் கயிறு பிடித்து முதல் சாலை நேராகப் போட்டுக் கொடுத்தால் மற்றவை அதைப் பின்பற்றும். முதல் கோணல் முற்றும் கோணல் என்பது இங்கே முற்றிலும் பொருந்தும்.

நெல் வயலில்

திருந்திய நெல் சாகுபடியில் வரிசைக்கு வரிசை ஒரே இடைவெளி இருப்பதால், உருளும் களைக்கருவியான கோனோவீடர் ஓட்டுவது கண் தெரியாதவருக்கு ஏற்ற வேலை. நட்ட 10 நாளில் நாற்று இளசாக இருக்கும். காலில் பட்டாலும் தெரியாது. ஆகவே முதல் முறைக்குக் கயிறு அவசியம். பின்னர் தூர் கட்டியதும் இரு பக்கத்துப் பயிரும் காலில் உரசி வழிகாட்டும். கருவி தடைப்பட்டால் தூரில் முட்டிவிட்டது என்று பொருள். அழுத்தாமல் பின்னுக்கு இழுத்துச் சரிசெய்ய வேண்டும். முடித்த வரிசையின் எதிரே வரப்பில் ஒரு குச்சியை ஊன்றி, ஒவ்வொரு தடவையும் அதை மாற்றி வந்தால் வரிசை விட்டுப் போகாது.

காது தரும் உதவி

மறு வரப்பில் ஒரு சிறு வானொலிப் பெட்டியைப் பாட வைத்தால், இரு காதிலும் ஒரே அளவாகக் கேட்கும் திசையை நோக்கி நடக்கலாம். கையால் தள்ளும் கருவிக்கே இது உதவும். இன்ஜின் சத்தத்தில் வானொலி அடங்கிவிடும். வெயில் முகத்தில் படுவதையும் காற்று வீசும் பக்கத்தையும் துணையாகக் கொள்ளலாம். ஆனால் உச்சி வேளையில் வெயில் திசை காட்டாது, காற்றும் மாறக்கூடியது.

கைபேசி வழிகாட்டினால் ஆகாதா என்று கேட்கலாம். திறந்த வெளியிலும் சாதாரணக் கைபேசி காட்டும் இடத்தில் சுமார் 5 மீட்டர் பிசகு இருக்கும். 25 செ.மீ. வரிசைக்கு அது பயன்படாது.

கவனிக்க வேண்டியவை

டிராக்டர், கதிரடிக்கும் இயந்திரம், புதர் வெட்டும் கருவி ஆகியவற்றைப் பார்வையற்றவரிடம் கொடுக்கவே கூடாது. நடந்து ஓட்டும் இயந்திரமானாலும், கைப்பிடியை விட்டதும் கத்தி நின்றுவிடும் வகையாக இருக்க வேண்டும். கண் தெரிந்தவர் ஒருவர் அருகில் இருந்தே தீர வேண்டும். கத்தி சுழலும் இடத்தில் கயிறு கட்டக் கூடாது. கயிறு சுற்றிக்கொண்டு ஆபத்து விளையும். வேலைக்கு முன் கல், கம்பி, குழந்தைகள் நடமாட்டம் ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். சுற்றுச் சுவர் இல்லாத கிணறுள்ள வயலில் இறக்கவே வேண்டாம். இன்ஜினை ஓட்டாமலே சில நாள் தள்ளிப் பழகிய பிறகு ஓட்டுவது நலம்.

இன்னொன்று. பார்வை மங்கியதும் விதி என்று விட்டுவிடக் கூடாது. கண்புரையானால் அறுவை சிகிச்சையால் பார்வை திரும்பக் கிடைக்கும். முதலில் கண் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

பார்வையற்றோருக்கு விவசாயம் கற்பிப்பது புதிய யோசனையல்ல. குஜராத் மாநிலம் பன்சா கிராமத்தில் தேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் விவசாயப் பயிற்சி நிலையம் 1960-இலேயே தொடங்கப்பட்டது. நம் வீட்டுத் திண்ணையில் இருப்பவருக்குப் பயிற்சி ஏற்கெனவே இருக்கிறது. அவருக்குத் தேவை இரண்டு முளை, ஒரு கயிறு, வீட்டாரின் கொஞ்சம் பொறுமை.