ப்ராக் நகரில் ஒரு லெனின்!

என் பெயர் லெனின். திருச்சி பொன்மலையில் இந்தப் பெயரைக் கேட்டு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு லெனின், ஒரு ஸ்டாலின் உண்டு. கிரிக்கெட்டில் அதிகமாக அழுகுணி ஆட்டம் ஆடுவது ஸ்டாலின்தான். அது வேறு கதை!

அப்பா ரயில்வே பணிமனைத் தொழிலாளி. 1946 செப்டம்பர் 5-ம் தேதி பொன்மலை சங்கத் திடலில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளிகள் இறந்தார்கள். வருடா வருடம் அந்த நாளில் அப்பா என்னைத் தோளில் உட்கார வைத்துக் கூட்டிப் போவார். எனக்குப் பெயர் வந்த வழி அதுதான்.

இந்தப் பெயரோடு 2019-ல் நான் படிக்கப் போன ஊர் எது தெரியுமா? செக் நாட்டுத் தலைநகர் ப்ராக்! 1948-லிருந்து 1989 வரை கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த ஊர். படிப்பு, கலையும் அரசியலும்.

விசா கவுன்ட்டரில் இருந்தவர் பாஸ்போர்ட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நிஜப் பேரா?"

"ஆமா சார். தாடி மட்டும்தான் இல்லை."

மனுஷர் சிரிக்கவில்லை.

நான் வாடகைக்கு இருந்த வீட்டுப் பாட்டிக்கு எழுபத்தெட்டு வயசு. பெயரைச் சொன்னதும் பாதி திறந்த கதவு அப்படியே நின்றது. அவர் கணவர் சரித்திர வாத்தியார். 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் ஊருக்குள் வந்ததே, 'அது சரிதான்' என்று கையெழுத்துப் போடச் சொன்னார்களாம். மாட்டேன் என்றார். வேலை போச்சு. அப்புறம் இருபது வருஷம் ஒரு பாய்லர் ரூமில் கரி அள்ளிப் போட்டார்.

"இந்த வீட்டுல அந்தப் பேரைச் சொல்ல என்னால முடியாதுப்பா. வேற பேர் இல்லியா உனக்கு?"

வீட்டில் என்னை 'தம்பி' என்பார்கள் என்றேன். மறுநாளிலிருந்து நான், "டம்பி"!

எங்கள் பேராசிரியர் வகுப்பறையில் உட்கார வைத்துப் பாடம் நடத்துகிற ஆசாமி இல்லை. முதல் நாளே ஆற்றங்கரை மேட்டில், லெட்னா என்ற இடத்துக்கு நடத்தியே கூட்டிப் போய்விட்டார். 1955-ல் அங்கே பதினைந்து மீட்டர் உயரத்தில் ஸ்டாலினுக்குக் கருங்கல் சிலை வைத்தார்கள். முன்னால் ஸ்டாலின், பின்னால் வரிசையாகத் தொழிலாளி, விவசாயி, சிப்பாய்... ஊர்க்காரர்கள் அதற்கு ரகசியமாக வைத்த பெயர், 'கறிக்கடை க்யூ'!

நான் வாய்விட்டுச் சிரித்தேன். பேராசிரியர் அடுத்ததைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. சிலையைச் செய்த ஒட்டகார் ஷ்வெட்ஸ், திறப்பு விழாவுக்குச் சில வாரம் முன்பே தற்கொலை செய்துகொண்டார். 1962-ல் சிலையையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஏழே வருஷம்! 1991-ல் அந்த இடத்தில் பிரம்மாண்டமான ஒரு மெட்ரோனோமை வைத்தார்கள். சங்கீதத்துக்குத் தாளம் காட்டுகிற கருவி. நான் பார்த்தபோது அதன் முன்னால் பையன்கள் ஸ்கேட்டிங் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதே 1991-ல் இன்னொரு கூத்து. இரண்டாம் உலகப் போர் முடிவில் சோவியத் படை வந்ததன் நினைவாக ஒரு டாங்கியை மேடையில் ஏற்றி வைத்திருந்தார்கள். டேவிட் செர்னி என்ற கலைக் கல்லூரி மாணவர், நண்பர்களோடு போய் அதற்கு 'பிங்க்' பெயின்ட் அடித்துவிட்டார்! ஆளைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். ராணுவம் மறுபடி பச்சை அடித்தது. உடனே எம்.பி.க்கள் சிலர் ப்ரஷ்ஷும் கையுமாகக் கிளம்பிப் போய் மறுபடி பிங்க்! அவர்களை யார் கைது செய்ய முடியும்?

வாட்ஸ்லாவ் ஹாவெல் எழுதிய ஒரு நாடகமும் பாடத்தில் இருந்தது. 1965-ல் மேடையேறியது. ஆபீஸ் டைரக்டருக்கு யாருக்கும் புரியாத ஒரு புது மொழியில் மெமோ வருகிறது. மொழிபெயர்க்க ஒருத்தர் அனுமதி வேண்டும். அவர் அனுமதிக்க இன்னொருத்தர்... படிக்கும்போது எனக்கு நம்ம ஊர் தாலுகா ஆபீஸ் ஜன்னல்தான் ஞாபகம் வந்தது. இதை எழுதியவர் பிற்பாடு பீர் ஆலையில் பீப்பாய் உருட்டினார், ஜெயிலுக்குப் போனார், 1989 டிசம்பரில் ஜனாதிபதியே ஆகிவிட்டார்!

இதெல்லாம் அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்குச் செங்கொடி என்றால் சங்கத் திடலில் விழுந்த அந்த ஐந்து பேர். பாட்டிக்கு, கரி படிந்த கணவரின் கை. நடுவில் நான், ரெண்டு பெயரோடு.

ஒரு ராத்திரி வாட்ஸ்அப்பில் அப்பாவே கேட்டார். "வீட்டுக்காரம்மா நல்லாப் பழகுறாங்களாடா?"

மறைக்க முடியவில்லை. 'டம்பி' ஆன கதையைச் சொன்னேன். கையெழுத்து, பாய்லர் ரூம், எல்லாம். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"எத்தனை வருஷம்டா கரி அள்ளினார்?"

"இருபது வருஷம்ப்பா."

"அந்த இருபது வருஷத்தையும் பென்ஷன்ல சேர்த்தாங்களாமா? கேட்டுச் சொல்லு."

மறுநாள் சமையலறையில் பாட்டியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "யாரு, உனக்கு அந்தப் பேரை வச்சவரா கேட்டார்?" என்றார். தலையாட்டினேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் அலமாரியைத் திறந்து, கயிறு கட்டிய ஒரு பழைய ஃபைலை எடுத்து மேஜையில் வைத்தார்.

"உக்காரு டம்பி. இது பெரிய கதை."