கூட்டம் மலையேறட்டும்... நாம் புதுக்கோட்டைக்குப் போவோம்!

பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டதும் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஏறும் சாலைகளில் வண்டிகள் ஊர்ந்துதான் போகின்றன. நெரிசல் எல்லை மீறியதால் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2024 மே 7 முதல் இரண்டு ஊர்களுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் வண்டிகளின் எண்ணிக்கைக்கே வரம்பு வந்துவிட்டது. நீலகிரிக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மலைகளைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டோம்.

இவ்வளவு பேர் ஒரே இரண்டு மலைகளில் முட்டி மோதும்போது, திருச்சியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கும் ஒரு குன்றின் உச்சியில் 9-ஆம் நூற்றாண்டுக் கோயில் ஒன்று பார்க்க ஆளில்லாமல் நிற்கிறது. அங்கிருந்து சிறிது தூரத்தில் ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டிய ஓவியம் இருக்கிறது. இன்னும் சற்றுப் போனால், இசைப்பாடத்தையே பாறையில் வெட்டிவைத்த ஊர். எல்லாம் புதுக்கோட்டை மாவட்டத்தில்.

இந்த இடங்கள் எங்கும் ஒளிந்திருக்கவில்லை. நெடுஞ்சாலையிலேயே பெயர்ப்பலகை இருக்கிறது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலும் இருக்கின்றன. ஆனாலும் கூட்டம் வருவதில்லை. ஊட்டியின் பனியை ரசிக்க யாரும் பாடம் சொல்லித்தர வேண்டாம். வண்டியை விட்டு இறங்கினால் போதும். புதுக்கோட்டைப் பாறைகளுக்கு முன்னால் ஒன்றும் தெரியாமல் நின்றால் பத்து நிமிடத்தில் கிளம்பத் தோன்றும். கொஞ்சம் படித்துவிட்டுப் போனால் அரை நாள் போதாது.

படிப்பதற்கும் பஞ்சமில்லை. 1948 மார்ச் வரை இது தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனிச் சமஸ்தானம். 1910-லேயே அருங்காட்சியகம் கண்ட ஊர். 1916-இல் இராதாகிருஷ்ண ஐயர் சமஸ்தானத்தின் வரலாற்றை நூலாக எழுதினார். 1929-இல் ஊர் ஊராகப் படியெடுத்த கல்வெட்டுகளைச் சமஸ்தானமே அச்சிட்டு வெளியிட்டது. தன் மண்ணைப் பற்றி இத்தனை அக்கறையோடு எழுதிவைத்த ஊர், இன்று திருச்சியிலிருந்து ராமேஸ்வரம் போகிறவர்கள் டீ குடிக்க நிறுத்தும் இடமாகிப்போனது வருத்தத்துக்குரியது.

நார்த்தாமலை: சோழன் பெயரில் முத்தரையர் கோயில்

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகும் சாலையில், ஊருக்குச் சுமார் 17 கிலோமீட்டர் முன்பாகவே குன்றுகள் தெரியத் தொடங்கும். மேலமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொம்மாடிமலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு இந்த ஊரே நிரம்பி வழியும். மற்ற நாள்களில் மேலமலைப் பாறையில் ஏறுகிறவர்களை எண்ணிவிடலாம்.

படிகள் என்று பெரிதாக எதுவும் இல்லை. சரிந்து கிடக்கும் மொட்டைப் பாறைமேல் மெல்ல ஏறினால், வழியில் ஒரு சுனை. அதைத் தாண்டியதும் விஜயாலய சோழீச்சுரம். பெயர் சோழனுடையது. ஆனால் வாயிற்காவலரின் காலடியில் உள்ள கல்வெட்டு, கட்டியவன் சாத்தன் பூதி என்ற முத்தரையர் தலைவன் என்கிறது. மழையில் சிதைந்த கோயிலை மல்லன் விடுமன் என்பவன் செப்பனிட்ட செய்தியும் அதிலேயே இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் எழுவதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முந்தைய கட்டடம் இது.

உள்ளே போகும்போது கருவறையைக் கவனியுங்கள். வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம். தமிழ்நாட்டில் இப்படி ஓர் அமைப்பைக் காண்பது மிக அரிது. கோயிலைச் சுற்றி இருந்த எட்டுச் சிற்றாலயங்களில் ஆறு எஞ்சியிருக்கின்றன.

எதிரே மலையைக் குடைந்த இரண்டு குகைகள். ஒன்று பழியிலீச்சுரம் என்ற சிவன் குடைவரை. மற்றொன்று இன்றும் சமணர் குடகு என்றே அழைக்கப்படுகிறது. சமணருடையதாக இருந்து பின்னாளில் திருமால் கோயிலானது. அதன் சுவரில் ஆளுயரத்தில் பன்னிரண்டு திருமால் உருவங்கள், அச்சில் வார்த்தாற்போல ஒரே மாதிரி வரிசையாக நிற்கின்றன. சைவம், வைணவம், சமணம் மூன்றும் கூப்பிடு தூரத்தில் இருந்த குன்று இது.

சித்தன்னவாசல்: கூரையில் ஒரு குளம்

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகும் சாலையில் சுமார் 16 கிலோமீட்டர். வழியெங்கும் கல்வட்டங்கள், பெருங்கற்கால ஈமச்சின்னங்கள். நடுவில் தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும் ஒரே பாறை மலை. அதன் மேற்குச் சரிவில் அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரை.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் சுவரைப் பார்ப்பார்கள். நீங்கள் தலையை நிமிர்த்தி அர்த்த மண்டபத்தின் கூரையைப் பாருங்கள். சுண்ணாம்புப் பூச்சின் மேல் ஒரு தாமரைக்குளம் விரிந்து கிடக்கிறது. முதலில் பச்சையும் சிவப்பும் கலந்த திட்டுகளாகத்தான் தெரியும். இருட்டுக்குக் கண் பழகட்டும். இலைகள் பிரிந்து தெரியும். இலைகளுக்கு நடுவே மீன்கள், அன்னங்கள், நீரில் இறங்கிய எருமைகள், யானைகள் ஒவ்வொன்றாக வெளிப்படும். பிறகு மனிதர்கள். ஒருவர் பூப்பறிக்கிறார், கையில் கூடை. இன்னொருவர் தண்டோடு பறித்த தாமரைகளைத் தோளில் சாய்த்திருக்கிறார். அந்த முகத்தில் உள்ள நிதானத்தைப் பார்ப்பதற்காகவே இன்னொரு முறை வரலாம். தீர்த்தங்கரர் அறமுரைக்கும் சமவசரணத்துக்குப் போகும் வழியிலுள்ள குளம் இது என்றும், பூப்பறிப்பவர்கள் பவ்வியர் எனப்படும் நல்லோர் என்றும் சமண மரபைக் கொண்டு ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள்.

முகப்புத் தூண்களில் இரண்டு ஆடல் மகளிர். வண்ணம் பெரும்பாலும் போய்விட்டது. இடையின் வளைவும் நீட்டிய கையும் மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருக்கின்றன.

இந்த ஓவியங்கள் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தவை என்றுதான் முதலில் நம்பினார்கள். குகைக்கு அருகிலுள்ள தமிழ்க் கல்வெட்டு வேறு கதை சொன்னது. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் என்ற சமணப் பெரியவர் மண்டபத்தைப் புதுப்பித்தார் என்கிறது அது. இப்போது நாம் பார்க்கும் ஓவியங்களைப் பெரும்பாலும் அவர் காலத்துக்கே உரியவையாகக் கொள்கிறார்கள்.

கருவறைக்குள் போனால் நடுவில் அசையாமல் நின்று, வாயை மூடியபடி மெல்ல ஓங்காரம் போல ஒலி எழுப்பிப் பாருங்கள். ஒலியின் அளவு சரியாக அமையும்போது அறை முழுவதும் அதை வாங்கி அதிரும். கத்தினால் இது நடக்காது.

பலரும் இதோடு திரும்பிவிடுகிறார்கள். மலையின் மறுபக்கம் ஏழடிப்பாட்டம் இருக்கிறது. பாறையின் மேலேறி, கிழக்குப் பக்கம் இறங்கி, கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு செங்குத்துச் சரிவின் ஓரமாக நடக்கவேண்டும். அங்கே இயற்கையான குகைத் தாழ்வாரம் ஒன்றில், தலையணை மேடோடு மழமழவென்று இழைத்த 17 கற்படுக்கைகள். சமண முனிவர்கள் நோன்பிருந்த இடம். பெரிய படுக்கையின் ஓரத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான தமிழி எழுத்து. எருமைநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி ஈதன் என்பவருக்காகச் சிறுபாவில் இளையர் அமைத்த இருக்கை என்பது அதன் சாரம். எருமைநாட்டை இன்றைய மைசூர்ப் பகுதியாகக் கொள்கிறார்கள். அவ்வளவு தொலைவிலிருந்து நடந்து வந்த ஒருவருக்கு, இந்த ஊர்க்காரர்கள் மலையில் இடம் இழைத்துக் கொடுத்திருக்கிறார்கள். வெயிலில் ஏறிய களைப்பெல்லாம் அந்த வரியின் முன்னால் போய்விடுகிறது.

குடுமியான்மலை: பாறையில் ஓர் இசை வகுப்பு

புதுக்கோட்டைக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டர். சிகாநாதசுவாமி கோயிலின் முன்மண்டபத்தில் ரதி, மன்மதன், நரசிம்மர் என ஆளுயரச் சிற்பங்கள் தூண்களை விட்டு இறங்கி வருவதுபோல நிற்கின்றன. அவற்றைப் பார்த்து முடித்ததும், பின்னால் குன்றின் அடியிலுள்ள மேலைக்கோயில் என்ற குடைவரைக்குப் போய்விடுங்கள். அதன் பக்கத்துப் பாறையில்தான் இசைக் கல்வெட்டு இருக்கிறது.

7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். பல்லவ கிரந்த எழுத்து. ஏழு பகுதிகள், ஒவ்வொன்றும் ஒரு பண்ணுக்கு உரியது. சுரங்கள் நான்கு நான்காகக் கட்டங்கட்டி அமைந்திருக்கின்றன. ‘ர, ரி, ரு, ரே’ என்று ஒரே சுரம் உயிரெழுத்து மாறி மாறி வருகிறது. உருத்திராசாரியாரின் மாணவனான ஓர் அரசன், மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்தான் என்று முடிகிறது. மகேந்திரவர்மன்தான் அந்த அரசன் என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். கல்வெட்டில் அரசன் பெயர் இல்லை. கச்சேரிக்குப் போகும் பழக்கமுள்ள வீட்டுப் பிள்ளைகளையும், பாட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளைகளையும் அவசியம் இங்கே அழைத்துவர வேண்டும். அவர்கள் நோட்டில் எழுதும் சுரங்கள் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு பாறையில் எழுதப்பட்டதை நேரில் பார்க்கட்டும். நிமிர்ந்து பார்த்தால் குன்றின் மேலே அறுபத்து மூன்று நாயன்மார்களும் வரிசையாகப் புடைப்புச் சிற்பங்களாக இருப்பது தெரியும்.

கொடும்பாளூர், விராலிமலை

திரும்பும் வழியில் விராலிமலைக்கு அருகே கொடும்பாளூர் மூவர் கோயில். 10-ஆம் நூற்றாண்டில் இருக்குவேள் பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும், கற்றளி, வரகுணை என்ற தன் இரு தேவியர் பெயரிலும் கட்டிய மூன்று கோயில்களில் நடுவிலும் தெற்கிலும் உள்ளவை நிற்கின்றன. வடக்கே அடித்தளம் மட்டும். சோழர்களுக்குப் பெண் கொடுத்து, அவர்கள் போர்களில் தோள் கொடுத்த வேளிர் குலத்தின் ஊர். பரந்த புல்வெளி நடுவே மாலை வெயிலில் உட்கார ஏற்ற இடம்.

விராலிமலை முருகனுக்குச் சுருட்டுப் படைப்பதும், ஊரெங்கும் மயில்கள் திரிவதும் பலருக்குத் தெரியும். அங்கே சதிராட்ட மரபின் கடைசிக் கண்ணியாக விளங்கும் ஆர்.முத்துக்கண்ணம்மாளுக்கு 2022-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மலைப்படிகளில் ஏறும்போது, இந்தப் படிகளை அன்றாடம் ஏறிப் போய் முருகன் முன் ஆடிய பெண்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன்

* மார்கழி முதல் மாசி வரை ஏற்ற காலம். சித்திரை, வைகாசியில் பாறை கொதிக்கும். காலை எட்டு மணிக்குள் நார்த்தாமலை ஏறி இறங்கிவிடுவது நல்லது.
* திருச்சியிலிருந்து கார் எடுத்தால் நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை, கொடும்பாளூர் என்று வட்டமடித்துத் திரும்பலாம். அவசரமில்லாமல் பார்க்க இரண்டு நாள் வேண்டும். இரவு புதுக்கோட்டையில் தங்கினால், மறுநாள் திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்தையும், சேதுபதி கட்டிய திருமயம் கோட்டையையும் சேர்த்துக்கொள்ளலாம்.
* பஸ்ஸில் போகிறவர்கள் புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்திலிருந்து அன்னவாசல் வழியே போகும் பஸ்ஸில் ஏறி, சித்தன்னவாசலில் இறக்கிவிடச் சொல்லலாம்.
* தண்ணீர், தொப்பி, வழுக்காத செருப்பு கட்டாயம். மலைமேல் கடை கிடையாது.
* காவலரிடம் நின்று பேசுங்கள். பூட்டியிருக்கும் கதவைத் திறப்பவரும், எந்தத் தூணில் எதைப் பார்க்க வேண்டும் என்று காட்டுபவரும் அவர்தான்.
* சாப்பாடும் இளநீரும் அந்தந்த ஊரிலேயே வாங்குங்கள். தஞ்சாவூர் வழியாகத் திரும்பினால் ஆதனக்கோட்டையில் சாலையோரமே முந்திரி வறுத்துத் தருவார்கள்.

யாரும் வராததும் ஆபத்துதான்

கூட்டம் இல்லாத இடத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு தயக்கம் இருக்கும். ‘நாம் எழுதி, நாம் பேசி, இங்கேயும் கூட்டம் வந்துவிட்டால்?’ நியாயமான பயம். அதிகம் பேர் மூச்சுவிட்டால் தாங்காத ஓவியம் சித்தன்னவாசலில் இருக்கிறது. அங்கே ஃப்ளாஷ் போடக் கூடாது, சுவரைத் தொடக் கூடாது, மூன்று நான்கு பேராகத்தான் உள்ளே நிற்க வேண்டும்.

ஆனால், அந்த ஓவியத்துக்குப் பெரிய சேதம் வந்தது கூட்டத்தால் அல்ல. கவனிக்க ஆளில்லாத காலத்தில் உள்ளே புகுந்து கிறுக்கியவர்களாலும் சுரண்டியவர்களாலும்தான் பெரும்பகுதி போனது. பாறை மலைகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. புதுக்கோட்டை கருங்கல்லுக்குப் பெயர்போன மாவட்டம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குத் தடை, அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு என்று 2010-இல் திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. அந்த எல்லைக்கு வெளியே உள்ள குன்றுக்குக் காவல் யார்? ஒரு மலையில் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஆயிரம் குடும்பங்கள் இருந்தால், அதில் வெடி வைக்கும்போது கேட்க ஆளிருக்கும். தெரியாத மலை, ஜல்லியாகி லாரியில் ஏறினாலும் செய்தியாகாது.

ஆகவே போகத்தான் வேண்டும். தெரிந்துகொண்டு போக வேண்டும். திருச்சி, தஞ்சாவூர், மதுரைப் பள்ளிகள் ஆண்டுச் சுற்றுலாவில் ஒரு நாளை இங்கே ஒதுக்கினால், வரலாற்றுப் பாடம் நடத்துவது ஆசிரியருக்கும் எளிதாகும். தொல்லியல் படித்த அந்தந்த ஊர் இளைஞர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சியும் அடையாள அட்டையும் கொடுத்தால், அவர்களுக்கும் வருமானம், வருகிறவர்களுக்கும் விளக்கம். மாவட்ட நிர்வாகம் வார இறுதியில் இந்த நான்கு ஊர்களையும் இணைத்து ஒரு சுற்றுலாப் பேருந்து விட்டால், கார் இல்லாத குடும்பமும் போகும். சின்ன ஊர்ச் சாலைகளில் கார்களும் குவியாது. மலை வாசஸ்தலங்களில் வண்டிகளை எண்ணி உள்ளே விடும் வேலையைவிட இது எளிது, செலவும் குறைவு. கூட்டம் வந்தபின் தடுப்பதை விட்டுவிட்டு, வரும் முன்பே வழி செய்துகொள்ள நமக்கு இங்கே இன்னும் அவகாசம் இருக்கிறது.